புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ரோமானிய வெள்ளிக் காசுக்குக் கொங்குப் பகுதியில் எப்போதும் ஒரு மவுசு உண்டு. தென்னிந்தியப் புதையல்களில் அதிகம் கிடைப்பவை ரோமப் பேரரசர்கள் அகஸ்டஸ், திபேரியஸ் காசுகளே. கி.பி. 64-இல் பேரரசர் நீரோ காசின் எடையையும் வெள்ளியையும் குறைத்துவிட, இங்கே பழைய காசுக்கே மதிப்பு நின்றது. இன்று போலி செய்கிறவர்களும் இந்த இரண்டை விட்டுவைக்கவில்லை.

இங்கே அதிகம் கிடைக்கும் அகஸ்டஸ் காசின் பின்பக்கத்தில் நிற்கும் இருவர், அவர் தத்தெடுத்த பேரன்கள் காயுஸும் லூசியுஸும். ஆளுக்கொரு கேடயம், ஈட்டி. இருவருக்கும் நடுவே மேலே ஓர் அகப்பையும் நுனி சுருண்ட கோலும் இருக்கும். அகப்பை காயுஸின் பூசாரிப் பதவிக்கு. கோல், பறவை நிமித்தம் பார்க்கும் லூசியுஸின் பதவிக்கு. அந்தச் சுருள் மயிரிழைக் கோடுதான். புளியோ சாம்பலோ பற்பசையோ போட்டுத் தேய்த்தால் மழுங்கிவிடும். பிறகு படிக்க என்ன இருக்கிறது? காசில் ஒட்டிய மண்ணை, வாலை வடிநீரில் (டிஸ்டில்டு வாட்டர்) ஊறவைத்து எடுத்தால் போதும். பழைய வெள்ளி நொறுங்கும், கீழே போட்டால் உடையும். மெத்தென்ற துணி விரித்து அதன்மேல் வைத்தே பாருங்கள்.

வாங்குமுன் விளிம்பைப் பாருங்கள். சுற்றிலும் ஒரே கோடாக அரம் ராவிய தடம் தெரிந்தால் அச்சில் வார்த்த போலி என்று சந்தேகிக்கலாம். கீறலில் செம்பு எட்டிப்பார்த்தால் மேலே வெள்ளி போர்த்திய காசு. அதுவும் பழங்காலத்துக் கள்ளக்காசாக இருக்கலாம் என்பதால் தூக்கி எறிய வேண்டாம்.

எடை பெரும்பாலும் 3.6 முதல் 3.9 கிராம். 0.01 கிராம் காட்டும் தராசில் தண்ணீர்க் கோப்பையை வைத்துப் பூஜ்யமாக்கி, நூலில் கட்டிய காசை அடியிலும் பக்கத்திலும் படாமல் மூழ்கவிடுங்கள். காசின் எடையைத் தராசு காட்டும் அளவால் வகுத்தால் அடர்த்தி. 3.70 கிராம் காசு 0.36 காட்டினால் அடர்த்தி 10.3, நல்ல வெள்ளி. 0.40 என்றால் 9.3, உள்ளே செம்பு. காசில் நீர்க்குமிழி ஒட்டினால் அளவு கூடி, நல்ல காசும் போலி போலத் தெரியும். ஐந்து முறை அளந்து பாருங்கள். நல்ல வெள்ளியிலேயே வார்த்த போலியை இந்தச் சோதனை பிடிக்காது. ஒரே இடத்தில் ஒரே வெட்டு உள்ள இரண்டு காசுகளைக் கண்டால் இரண்டையும் விட்டுவிடுங்கள்.

பி.வி.சி. உறை வேண்டாம், பச்சைப் பிசுக்கு படியும். மண்ணில் கிடைத்த காசு என்றால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அதைத் தேய்த்துக் கொண்டுபோக வேண்டாம். மண்ணோடும் பானையோடும் அப்படியே கொடுங்கள்.

நாணயச் சேகரிப்பாளர் ஒருவர்,
கோவை.