ஆர்.வி.யில் பூனைகளோடு கிளம்பும் மகளுக்கு

அன்புள்ள கயல்,

நீயும் மாப்பிள்ளையும் ஆர்.வி. என்கிற, உள்ளேயே தங்கும் வீட்டு வண்டியை எடுத்துக்கொண்டு ஃபீனிக்ஸிலிருந்து கிராண்ட் கேன்யன், அங்கிருந்து யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா வரை போகப்போவதாக அம்மா சொன்னாள். உன் பூனைகள் கருப்பியும் சிங்காரமும் கூட வருகிறார்களாமே. யாரிடமோ விட்டுப்போவதைவிட அது எனக்குப் பிடித்திருக்கிறது. இத்தனை வருஷம் மாட்டாஸ்பத்திரியில் இருந்தவன், சிலதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

நாய் பயந்தால் நம்மிடம் ஓடிவரும். பூனை ஒளிந்துகொள்ளும். கூப்பிட்டாலும் வராது, சத்தமும் காட்டாது. அதனால்தான் வண்டியை நிறுத்திப் பொத்தானை அழுத்தினால் பக்கச்சுவர் வெளியே நகருமே, அந்த ஸ்லைடு-அவுட்டை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அதன் இடுக்கில் பூனை சுலபமாகப் புகுந்துவிடும். அந்த நேரம் சுவர் நகர்ந்தால் நசுங்கிவிடும். வெளியே தள்ளினாலும் உள்ளே இழுத்தாலும், இரண்டும் கூண்டுக்குள் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பொத்தானில் கை வைக்கவேண்டும். "கட்டிலுக்கடியில்தான் கிடக்கும்" என்ற ஊகமே வேண்டாம். சோபா அடி, குழாய் போகும் ஓட்டை எல்லாவற்றையும் வண்டி கைக்கு வந்த அன்றே அடைத்துவிடு.

வண்டி ஓடும்போதும் கூண்டுதான், அதுவும் பெல்ட் போட்டுக் கட்டிய கூண்டு. மிரண்ட பூனை பிரேக் மிதிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டால் ஆபத்து உங்கள் எல்லோருக்கும்தான். கூண்டை இப்போதே ஹாலில் திறந்து வை, சாப்பாட்டையும் அதற்குள்ளேயே வை. பழகிவிடும்.

அரிசோனா வெயில் உனக்குத் தெரியாததில்லை. மூடிய வண்டிக்குள் பத்தே நிமிடத்தில் ஏறத்தாழ 20 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறிவிடும். முகாமில் கரண்ட் போனால் ஏ.சி.யும் போச்சு. சூடு ஏறினால் போனுக்குத் தகவல் அனுப்பும் கருவி கிடைக்கிறது, வாங்கிக்கொள். ஆனால் சிக்னல் இல்லாத இடத்தில் அதை நம்பாதே. ஒருவர் வண்டியிலேயே இருங்கள். பூனை வாயைத் திறந்து இரைத்தால் உடம்பை ஈரத்துணியால் நனைத்து, குளுமையான இடத்துக்குக் கொண்டுபோய், உடனே மருத்துவரிடம் ஓடு.

கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பில், விளிம்புக்குக் கீழே செல்லப்பிராணிகளை விடமாட்டார்கள். யெல்லோஸ்டோனில் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றியுள்ள பலகைப் பாதையிலும் விடமாட்டார்கள். அனுமதி உள்ள இடத்திலும் கயிறு 6 அடிக்கு மேல் இருக்கக்கூடாது. அவை வண்டியிலேயே இருக்கட்டும், சன்னல் போதும்.

சிங்காரம் ஆண் என்பதை மறக்காதே. இடம் மாறிய கலக்கமும் தண்ணீர் குறைவும் சேர்ந்தால் ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். மணல் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கியும் ஒன்றும் வராவிட்டால், விடியட்டும் என்று இருக்காதே. நடுராத்திரியானாலும் அவசர மருத்துவமனைக்குப் போ. காலம் கடந்து தூக்கிக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஈரச் சாப்பாடு கொடு, தண்ணீரை இரண்டு இடத்தில் வை.

டைலனால், நம்ம ஊர் பாராசிட்டமால் இரண்டும் ஒரே மருந்து. ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடக்கூடும். காய்ச்சல் மாதிரி தெரிந்தாலும் நீயாகக் கொடுக்காதே. பயணக் கலக்கத்துக்கு மருத்துவர் ஏதாவது எழுதிக்கொடுத்தால், கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே ஒருநாள் கொடுத்துப் பார்.

பூனைகளின் தோலுக்கடியில் வைத்த அடையாளச் சிப்பில் இருக்கும் எண்ணோடு உன் இப்போதைய போன் நம்பர்தான் பதிவாகியிருக்கிறதா என்று பார். வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றிதழை வண்டியிலேயே வை. மாப்பிள்ளைக்கும் இதைப் படித்துக்காட்டு. தேதி முடிவானதும் எழுது.

அன்புடன்,
அப்பா