அக்கரைக்குப் போகும் கொப்பிகள்

களுவாஞ்சிகுடி,
2021 ஜூலை 17

அன்புள்ள சினேகிதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. போனில் கதைத்தால் நீ உன் பிள்ளைகளை அதட்ட, நான் என் பிள்ளைகளை அதட்ட, கதை பாதியில் நின்றுவிடுகிறது. எழுதுவதுதான் சரி. இங்கே எல்லோரும் படுத்துவிட்டார்கள். பகல் முழுக்க அடித்த கச்சான் காற்றும் இப்போதுதான் ஓய்ந்திருக்கிறது.

முதலில் உன் உம்மாவின் சங்கதி. வியாழக்கிழமை காத்தான்குடிக்குப் போனேன். கடப்படியில் நின்று கதைத்துவிட்டுத் திரும்பலாம் என்றுதான் நினைத்தேன், உம்மா விடவில்லை. முற்றத்தில் கதிரை போட்டுத் தேத்தண்ணி தந்தார். முதல் கொரோனா ஊசி போட்டாயிற்று, சைனோபாம். இரண்டு நாள் கை நோவு, வேறு ஒன்றும் இல்லை. சீனி வருத்தத்துக்குக் கிளினிக் குளிசைகள் தபாலிலேயே வருகின்றன. நீ பயப்படுகிற மாதிரி மெலிந்துபோகவும் இல்லை.

மாமாவைப் பற்றித்தான் நெடுநேரம் கதைத்தார். ஓட்டமாவடி மஜ்மா நகரில் கொண்டுபோய் அடக்கினார்கள், கப்றடிக்கு இன்னும் போக முடியவில்லையே என்ற கவலை. அதற்குள்ளும், மண்ணுக்குள் வைக்க விட்டார்களே, அல்ஹம்துலில்லாஹ் என்கிறார். எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது புள்ள. கொரோனாவில் போனவர்களை அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருந்தும், போன வருஷம் ஏப்ரலில் இருந்து இந்த வருஷம் பெப்ரவரிக் கடைசி வரை எரித்தே தீர வேண்டும் என்று வைத்திருந்தார்கள். அந்த மாதங்களில் உங்கள் வீட்டில் யாருக்காவது ஒன்று வந்துவிடக் கூடாது என்று நான் எங்கள் அம்மனுக்கு நேர்ந்திருந்தேன். பெற்றவனைக் கடைசியாக ஒரு தரம் பார்த்து, தன் முறைப்படி அனுப்பிவைக்கிற உரிமையைக்கூடக் கெஞ்சிக் கேட்க வைத்தது பெரிய அநியாயம். அதை நான் மறக்கப்போவதில்லை.

எங்கள் வீட்டுப் பாடு எப்படி என்று கேட்டிருந்தாய். இவருடைய கமராக்கள் அரிசி வாளிக்குப் பக்கத்தில் மூடிய ரின்னுக்குள் இருக்கின்றன. கலியாணம் இல்லை, சாமத்தியவீடு இல்லை, கோயில் திருவிழா இல்லை, படம் எடுக்க என்ன இருக்கிறது? தமையனின் வயலுக்குப் போகிறார். சிறுபோக வேளாண்மை நேரம். இரசாயன உரம் இறக்குமதியை மே மாதம் நிறுத்திவிட்டதால் பசளை கிடைக்காமல் அங்கேயும் தலையிடி. என் சம்பளத்தில்தான் இப்போது வீடு ஓடுகிறது. ஓடுகிறது என்பதே போதும், அதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றும் இல்லை.

மாமிக்கு இந்த வருஷம் பெரிய மனத்தாங்கல். வைகாசியில் அம்மன் கோயில் கதவு திறந்து குளிர்த்தி பாடுகிற நேரம் பார்த்துப் பயணத்தடை வந்தது. மே 21 தொடங்கியது, ஜூன் 21 வரை இழுத்தது. பூசை செய்கிற கட்டாடியாரும் இரண்டொரு பேரும் மட்டும் சடங்கைச் செய்தார்கள். அம்மாள் வருத்தமும் கொள்ளைநோயும் அண்டக் கூடாது என்று பாடுகிற சடங்குக்கே ஒரு நோயினால் போக முடியவில்லை. ஸ்பீக்கர் சத்தம் வீட்டுக்குக் கேட்டது. மாமி குளித்து, வெள்ளைச் சீலை கட்டி, கிணற்றடியில் ஒரு செம்பில் தண்ணீரும் வேப்பிலையும் வைத்துக்கொண்டு பாட்டு முடியும் வரை நின்றார். பிறகு அந்தத் தண்ணீரை எல்லோர் தலையிலும் தெளித்தார். சின்னவன் மட்டும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டான்.

அவனைப் பற்றித்தான் எழுத ஆசை. 2020 தை மாதம் முதலாம் வகுப்புக்குப் போனவன். மார்ச்சில் பள்ளிக்கூடம் பூட்டினார்கள். பிறகு கொஞ்ச நாள் திறப்பது, மறுபடி பூட்டுவது, இப்போது ஏப்ரல் கடைசியில் இருந்து வீட்டில். இரண்டாம் வகுப்பு டீச்சரை அவன் நேரில் பழகியதை விட வட்ஸ்அப் குரலில் பழகியதுதான் அதிகம். டீச்சரின் குரல் பதிவைத் திறந்தால், "வணக்கம் பிள்ளைகள்" என்று வரும்போது எழுந்து நிற்பான். "வணக்கம் டீச்சர்" என்று போனுக்குச் சொல்லுவான். "இருங்கள்" என்று பதிவில் சொல்ல மாட்டார்தானே, அதனால் நான் சொல்ல வேண்டும். ஒரு நாள் அடுப்பில் கை வேலையாக இருந்துவிட்டேன். முழுப் பதிவும் முடியும் வரை நின்றே கேட்டிருக்கிறான். அதைப் பார்த்த பிறகு, எந்த வேலை என்றாலும் அந்த நேரத்துக்குப் பக்கத்தில் போய் இருந்துவிடுகிறேன்.

வாசிப்பான், எழுதுவான், கூட்டல் கழித்தல் செய்வான். அதெல்லாம் வீட்டிலும் வரும். பக்கத்தில் இருக்கிற பிள்ளையோடு அழிறப்பருக்குச் சண்டை பிடித்து, பிறகு சமாதானமாகி, பாணைப் பாதி பிய்த்துக் கொடுக்கிற பழக்கம் எந்தப் போனில் வரும்? அவனுக்கு ஒரு கூட்டாளியின் பேர்கூட முழுதாகத் தெரியாது. எனக்கு இதுதான் பெரிய குறையாகத் தெரிகிறது. புள்ளிகளை எப்போதும் எடுக்கலாம், ஏழு வயது திரும்பி வராதே.

இப்போது நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். அங்கே நீங்கள் நாலைந்து பேர் காசு சேர்த்திருக்கிறீர்கள், இங்குள்ள பிள்ளைகளின் ஓன்லைன் படிப்புக்கு எத்தனை போன் வாங்கி அனுப்பலாம் என்று கேட்டிருந்தாய். மனம் குளிர்ந்தது. ஆனால் அந்தக் காசைப் போனுக்குப் போட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஏன் என்று சொல்கிறேன்.

என் அலுவலகம் மட்டக்களப்பு வாவிக்கு அக்கரையில் என்பது உனக்குத் தெரியும். கடமைக்குப் போகிற நாட்களில் குருமண்வெளித் துறையில் பாதை என்கிற மிதவையில் ஏறி வாவியைக் கடந்து மண்டூருக்குப் போய் அங்கிருந்து போவேன். பயணத்தடை நேரம் 5,000 ரூபா கொடுப்பனவுக்குப் பெயர்ப் பட்டியல் சரிபார்க்க வீடு வீடாக ஏறி இறங்கினோம். அப்போதுதான் அங்கே படிப்பு எப்படி நடக்கிறது என்று கண்ணால் கண்டேன். வீட்டுக்கு ஒரு போன். அதையும் தகப்பன் வயலுக்கோ மேசன் வேலைக்கோ எடுத்துப் போய்விடுவார். மூன்று பிள்ளைகள் இருந்தால் மூன்று பேருக்கும் ஒரே நேரம் பாடம். டேட்டா போடுவதா அரிசி வாங்குவதா என்று கேட்டால் எந்தத் தாயும் அரிசி என்றுதான் சொல்லுவாள். இவ்வளவையும் சமாளித்தாலும் வீட்டுக்குள் சிக்னல் இல்லை. பிள்ளைகள் குளக்கட்டில் ஏறி நின்று பாடத்தை இறக்குகிறார்கள். பின்னேரமானால் யானை வருகிற இடம் அது. வாவிக்கு அக்கரையான படுவான்கரையில் யானை அடித்து எத்தனை உயிர் போயிருக்கிறது என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு போனை வாங்கிக் கொடுத்து ஒரு பிள்ளையை இருட்டுகிற நேரம் அந்தக் கட்டில் ஏற வைக்க எனக்கு மனம் வராது.

அந்த வீடுகளில் ஒன்றில்தான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற ஒரு பெண்பிள்ளை என்னைக் கேட்டாள்: "மிஸ், உங்கட மகளும் இந்த முறை ஓ.எல்.தானே? அவட கொப்பிய ஒருக்காப் பாக்கத் தருவீங்களா?" தாய் உள்ளே இருந்து, "மிஸ்ஸுக்குக் கரைச்சல் குடுக்காத புள்ள" என்று சத்தம் போட்டாள். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாலும் இடத்தை விட்டு அசையவில்லை. பதிலுக்காக நின்றாள்.

வீட்டுக்கு வந்து மூத்தவளிடம் சொன்னேன். கொப்பியைக் கொடுத்துவிட்டால் தனக்குப் படிக்க இல்லாமல் போகும் என்று முதலில் யோசித்தாள். பிறகு அவளாகவே தகப்பனிடம் சொல்லிக் காபன் தாள் வாங்குவித்தாள். அது இன்னும் கடையில் விற்கிறது என்பதே எனக்கு ஆச்சரியம். தடித்த சி.ஆர். கொப்பியில் தன் குறிப்பை எழுதும்போது ஒற்றைக்கு அடியில் காபன், அதற்கு அடியில் வெறும் ஒற்றை. நன்றாக அழுத்தி எழுத வேண்டும், இல்லாவிட்டால் கீழே விழாது. நடுவிரலில் பேனை பட்ட இடம் தடித்து, விரல் நுனி எல்லாம் நீலம். படங்களுக்கு மட்டும் காபன் சரிவராது, நழுவிக் கோடு இரண்டாகிவிடும். அதனால் இதயத்தின் வெட்டுமுகத்தை இரண்டு தரம் கையாலேயே கீறினாள். இடது பக்கச் சுவர் ஏன் தடிப்பு என்று பக்கத்தில் எழுதி, "இது கட்டாயம் வரும்" என்று கோடிட்டிருந்தாள்.

நான் அந்த ஒற்றைகளைக் கட்டிப் பையில் வைத்துக்கொண்டு பாதை ஏறுவேன். அடுத்த கிழமை பதில் வரும். அந்தப் பிள்ளை கணிதத்தில் கெட்டிக்காரி. எங்கள் மகள் கேத்திர கணிதத்தில் ஒரு நிறுவலைச் சுற்றி வளைத்துச் செய்திருந்தாளாம். ஒரு கோட்டை நீட்டினால் நாலு வரியில் முடிகிறது என்று அந்தப் பிள்ளை செய்து அனுப்பியிருந்தாள். இவளுக்கு வந்த சந்தோசத்தைப் பார்க்க வேண்டும். தகப்பனைக் கூப்பிட்டுக் காட்டினாள், மாமியைக் கூப்பிட்டுக் காட்டினாள். இப்போது கணிதம் அங்கிருந்து வருகிறது, விஞ்ஞானமும் வரலாறும் இங்கிருந்து போகின்றன. இரண்டு பேரும் இன்னும் முகம் பார்த்ததில்லை. போன முறை ஒற்றைகளோடு ஒரு பை பாலைப்பழமும் வந்தது. சின்னவன் உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளத் தின்று தீர்த்தான்.

ஆகவே நான் கேட்பது கடதாசி. அந்தக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு சேர் இருக்கிறார். தன் சொந்தக் காசில் செயலட்டை அடித்து மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் வீட்டு வாசலில் கொடுத்துவிட்டு, முந்தினதை வாங்கித் திருத்துகிறார். போட்டோக்கொப்பிக் கடைக்காரன் கடன் கொப்பியில் அவர் பேரில் பக்கம் நிறைந்துவிட்டது. உங்கள் காசை அந்தக் கடைக்கு முற்பணமாகக் கட்டலாம். மிச்சத்துக்கு ஓ.எல். கடந்தகால வினாத்தாள் தொகுப்புகளும் கொப்பிகளும். சிக்னலும் டேட்டாவும் கடதாசிக்குத் தேவையில்லை. ஒரு பிள்ளை படித்து முடிந்ததும் தங்கச்சிக்கு உதவும், குப்பி விளக்கிலும் வாசிக்கலாம். ஒரே ஒரு போன் மட்டும் வேண்டும். உயர்தரத்தில் (ஏ.எல்.) விஞ்ஞானம் படிக்கிற ஒரு பிள்ளைக்கு ரியூசன் முழுக்கச் சூமில் நடக்கிறது. அவள் வீடு ரோட்டோரம், சிக்னல் உண்டு. பாவித்த போன் என்றாலும் காரியமில்லை.

இன்னொன்று. ஜூலை 12இல் இருந்து ஆசிரியர்கள் ஓன்லைன் படிப்பித்தலை நிறுத்திவிட்டார்கள். 24 வருஷமாகத் தீராத சம்பள முரண்பாடு. போராடப் போனவர்களைப் பிடித்துத் தனிமைப்படுத்தலுக்கு அனுப்பியதும் சேர்ந்து கோபமாகிவிட்டது. இங்கே சில பெற்றோர் ஆசிரியர்களைத் திட்டுகிறார்கள். எனக்குத் திட்ட வாய் வரவில்லை. சின்னவனின் டீச்சர் மாதக்கணக்காகத் தன் டேட்டாவில், தன் போனில், இரவு பதினொரு மணிக்கும் கொப்பி திருத்தி அனுப்பியதை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் கேட்பது நியாயம். பிள்ளைகள் இழப்பதும் உண்மை. இரண்டையும் ஒன்றாக மனதில் வைத்துக்கொண்டுதான் இருக்க வேண்டியிருக்கிறது. சின்னவன் காலையில் போனை எடுத்துப் பார்த்துவிட்டு, "டீச்சருக்கு வருத்தமா அம்மா?" என்று கேட்கிறான். பழைய குரல் பதிவுகளைப் போட்டுவிடுகிறேன். அதற்கும் எழுந்து நிற்கிறான்.

மூத்தவள் பள்ளிக்கூடப் பாடம் வராததால் தாங்களே வினாத்தாள் செய்வோம் என்று அக்கரைப் பிள்ளைக்கு எழுதி அனுப்பியிருக்கிறாள். பரீட்சை எப்போது என்பது யாருக்கும் தெரியாது. "எப்ப வச்சாலும் எழுதுவம் அம்மா" என்கிறாள். வருஷக்கணக்காக அவளை வெளிக்கிடுத்திப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அலுவலகத்துக்கு ஓடிய எனக்கு, பிள்ளை இப்படி யோசிக்கிறவள் என்று தெரிய ஒரு நோய் வர வேண்டியிருந்தது. அவள் என்னை விட நல்லவளாக வருவாள் என்று நினைக்கிறேன் புள்ள.

உன் பிள்ளைகளுக்கு அங்கே மடிக்கணினியில் படிப்பு நன்றாக நடக்கிறது என்று எழுதியிருந்தாய். அவர்களுக்குக் கூட்டாளிகள் இருக்கிறார்களா? வெளியே போய் விளையாட விடுகிறார்களா? அதை எழுது. தமிழ் வாசிப்பை மட்டும் விட்டுவிடாதே. சின்னவனின் செயலட்டைகளைப் படம் எடுத்து அனுப்புகிறேன், உன் கடைக்குட்டிக்குப் பொருந்தும்.

உம்மாவின் இரண்டாவது ஊசிக்குத் திகதி போட்ட அட்டை தந்திருக்கிறார்கள், அதைப் படம் பிடித்து வைத்திருக்கிறேன். உன் தம்பிக்கு அன்று லீவு கிடைக்காவிட்டால் நானே ஓட்டோவில் கூட்டிப்போவேன், யோசிக்காதே. காசை அனுப்பினால் என் கணக்குக்கே அனுப்பு. கடைக்காரனின் பற்றுச்சீட்டுகளை ஒன்றும் விடாமல் உங்கள் குழுவுக்குப் படம் எடுத்துப் போடுகிறேன். காசு கொடுத்த எல்லோருக்கும் கணக்குத் தெரிய வேண்டும்.

உனக்கும் மச்சானுக்கும் பிள்ளைகளுக்கும் முற்கூட்டியே ஹஜ்ஜுப் பெருநாள் வாழ்த்துகள். மாமியும் இவரும் உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

அன்புடன்,
உன் வந்தாறுமூலைச் சினேகிதி