கிரீவன்ஸ்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி ஒரு போன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல அமெரிக்க மத்திய அரசு வேலையில இருக்குற நம்ம ஆளுங்களைப் பத்தி வந்த கட்டுரையை ரெண்டு தடவை படிச்சேன். சம்பள கிரேடு, பென்ஷன், லீவு கணக்கு எல்லாம் சரியா எழுதியிருந்தாங்க, நல்லாவே இருந்துச்சு. ஆனா நடுவுல ஒரு வரி, ஆஃபீஸ்ல பாரபட்சம் ஏதாவது நடந்தா யூனியன் மூலமா ஒரு கிரீவன்ஸ் (யூனியன் ஒப்பந்தப்படி மேனேஜ்மென்ட்டுக்கு எழுதிக் குடுக்குற குறைப் புகார்) போட்டா போதும், பெரும்பாலும் சுமுகமா செட்டில் ஆயிடும்னு. அந்த ‘போதும்’ல தான் எனக்கு வயித்தைக் கலக்குச்சு, ஏன்னா அதே வார்த்தையை நானே ஒருத்தர்கிட்ட சொல்லி அவங்க கேஸைக் கெடுத்திருக்கேன்.

நான் மேரிலாண்ட்ல இருக்கேன், மத்திய அரசு ஆஃபீஸ் ஒண்ணுல இருபது வருஷத்துக்கு மேல இருந்துட்டு ரிடையர் ஆனவன், அதுல ஒன்பது வருஷம் யூனியன் ஸ்டூவர்ட், அதாவது ஊழியர்களுக்காக யூனியன் சார்பா பேசுற ஆள். எந்த ஆஃபீஸ்னு சொல்லல, தெரிஞ்சவங்க இன்னும் அங்க குப்பை கொட்டிட்டு இருக்காங்க.

மதுரைப் பக்கத்துப் பொண்ணு ஒண்ணு எங்க ஃப்ளோர்ல வேலை பார்த்துச்சு, என்னை அண்ணேன்னு தான் கூப்பிடும். புதுசா வந்த சூப்பர்வைசர் மீட்டிங்ல இது வாயைத் திறந்தாலே ‘யாராவது மொழிபெயர்த்துச் சொல்லுங்கப்பா’ன்னு சிரிப்பாரு, சுத்தி இருக்கறவங்களும் சிரிப்பாங்க, இதுவும் சேர்ந்து சிரிச்சு வைக்கும். அப்புறம் ஒரு நாள் ரிப்போர்ட் லேட்டுன்னு கண்டிப்பு லெட்டர் வந்துச்சு, ஃபைல்ல போயிடும் அது. அதே வாரம் அதே ரிப்போர்ட்டை லேட்டா குடுத்த இன்னும் ரெண்டு பேருக்கு ஒண்ணும் வரல. வீட்டுக்காரர் விடு, வம்பு எதுக்குன்னு சொன்னதால பேசாம இருந்துட்டு, லெட்டர் வந்த 19வது நாள் தான் என்கிட்ட வந்துச்சு. எங்க யூனியன் ஒப்பந்தப்படி கிரீவன்ஸ் போட 21 நாள். நான் பதறிப்போய் அன்னைக்கு சாயங்காலமே உட்கார்ந்து எழுதிக் குடுத்துட்டேன், அதுலயும் கெட்டிக்காரத்தனமா பாரபட்சம்ங்கிற பேச்சையே எடுக்கல, நியாயமான காரணம் இல்லாம குடுத்த லெட்டர்னு மட்டும் எழுதினேன். அது நிரூபிக்க ஈஸி, உச்சரிப்பைக் கிண்டல் பண்ணாங்கங்கிறதை நிரூபிக்கிறது கஷ்டம்னு கணக்கு. ஸ்டூவர்ட் வேலை பார்த்த எல்லாருக்கும் தெரிஞ்ச கணக்கு தான் இது.

மேனேஜ்மென்ட் சீக்கிரமே இறங்கி வந்துச்சு. ஆறு மாசத்துல லெட்டரை ஃபைல்ல இருந்து எடுத்துடறோம், வேற டீமுக்கு மாத்திடறோம்னாங்க. 40வது நாள், வெள்ளிக்கிழமை, மணி நாலு இருக்கும், கேன்டீன்ல தயிர்சாதம் சாப்பிட்ட டிபன் பாக்ஸ் மூடியை அண்டக்கொடுத்து அதுமேல பேப்பரை வச்சு அந்தப் பொண்ணு கையெழுத்து போட்டுச்சு. ரெண்டே பக்கம். ‘இந்த விஷயம் சம்பந்தமான எல்லா கோரிக்கைகளும் முடிந்தன, ஈஈஓ உட்பட’ன்னு ரெண்டாவது பக்கத்துல ஒரு வரி இருந்துச்சு (ஈஈஓன்னா சம வேலைவாய்ப்பு, பாரபட்சத்துக்குன்னே இருக்குற தனிப் புகார் வழி). நான் பார்த்தேன். எப்பவும் இருக்குற வரி தானேன்னு விட்டுட்டேன்.

அந்த ஞாயித்துக்கிழமையே ஒரு பர்த்டே பார்ட்டியில எத்தியோப்பியாக்காரர் ஒருத்தரைப் பார்த்திருக்கு, அவரும் அந்த சூப்பர்வைசர்கிட்ட இருந்து போனவரு, அவருக்கும் அதே மொழிபெயர்ப்பு ஜோக், அதே மாதிரி லெட்டர். திங்கக்கிழமை காலைல, அந்த வழியில முதல்ல பார்க்க வேண்டிய ஈஈஓ கவுன்சலருக்கு போன் போட்டுடுச்சு. சம்பவம் நடந்து 45 நாளைக்குள்ள கவுன்சலரைப் பார்க்கணும்ங்கிறது ரூல், அது 43வது நாள், டெட்லைன் எல்லாம் தப்பல. கவுன்சலிங் முடிஞ்சு, எழுத்துல முறையா புகார் குடுத்து, கடைசியில வந்தது டிஸ்மிஸல் லெட்டர். இதே விஷயத்துக்கு ஏற்கனவே கிரீவன்ஸ் போட்டாச்சு, அதனால இங்க எடுக்க முடியாதுன்னு.

அண்ணே, நாம பாரபட்சம்னு எழுதவே இல்லையேன்னு கேட்டுச்சு. அன்னைக்கு ராத்திரி தான் நான் ரூலை வரி வரியா படிச்சேன், ஒன்பது வருஷ ஸ்டூவர்ட் லட்சணம் இது. 29 சிஎஃப்ஆர் 1614.301, மத்திய அரசு விதித் தொகுப்புல வர்றது. யூனியன் ஒப்பந்தத்துல பாரபட்சப் புகாரையும் கிரீவன்ஸா எடுக்கலாம்னு இருந்தா, நீங்க முதல்ல எதை எழுத்துல தாக்கல் பண்றீங்களோ அது தான் உங்க வழி, இன்னொரு கதவு மூடிடும். உங்க கிரீவன்ஸ்ல பாரபட்சம்னு ஒரு எழுத்து கூட இல்லாட்டியும் சரி, ஆஃபீஸ் உங்ககிட்ட ‘ரெண்டுல ஒண்ணைத் தான் எடுக்கணும்’னு சொல்லவே இல்லாட்டியும் சரி, மூடினது மூடினது தான். ஒப்பந்தத்துல பாரபட்சத்தை தனியா விலக்கி வச்சிருந்தா மட்டும் கதை வேற. இதுல வேடிக்கை என்னன்னா கவுன்சலர்கிட்ட போய் பேசுறது ‘தேர்ந்தெடுத்தது’ன்னு கணக்குல வராது, முறையான புகார் எழுத்துல குடுத்தா தான் வரும், அதனால முதல்ல கவுன்சலருக்கு போன் பண்ணி பேசி வச்சுக்கிட்டு எந்தப் பக்கம் போகலாம்னு யோசிச்சிருந்தா ஒரு நஷ்டமும் இல்ல. நான் தான் அந்த யோசனைக்கு இடமே குடுக்கல, 21 நாள் முடியப்போகுதேன்னு ஓடினேன். 45 நாள் பின்னாடி இருக்கு, 21 நாள் கழுத்து மேல இருக்கு, எல்லாரும் ஓடுறது கழுத்து மேல இருக்கறதுக்குத் தான்.

சரி, கிரீவன்ஸ் வழியாவே போய் பாரபட்சத்தையும் அதுல எழுதியிருந்தா? ஆர்பிட்ரேட்டர், அதாவது நடுவர், குடுத்த தீர்ப்பு பிடிக்கலன்னா கூட ஈஈஓசிகிட்ட (பாரபட்சப் புகார்களைப் பார்க்குற மத்திய அரசு கமிஷன்) மறுபரிசீலனை கேட்க வழி இருக்கு. ஆனா செட்டில் பண்ணிட்டா தீர்ப்புன்னு ஒண்ணே கிடையாதே, எதை எடுத்துக்கிட்டு மேல போறது? ஆர்பிட்ரேஷனுக்குக் கொண்டு போற உரிமையும் யூனியனுக்கும் ஆஃபீஸுக்கும் தான், ஊழியர் தானா கேட்க முடியாது, இதை நிறைய பேர் நம்ப மாட்டேங்கறாங்க. ஊர்ப் பஞ்சாயத்துலயாவது நம்ம பிராதை நாமளே சொல்லலாம்.

போஸ்டல் சர்வீஸ்ல இருக்குற நம்ம ஆளுங்க இதைப் படிச்சுட்டு பயந்துடாதீங்க. உங்களுக்கு இந்த ‘ரெண்டுல ஒண்ணு’ ரூல் இல்ல, கிரீவன்ஸும் போடலாம், ஈஈஓவும் போடலாம், கிரீவன்ஸ் முடியற வரைக்கும் ஈஈஓ புகாரை நிறுத்தி வைக்கவும் முடியும். ஆனா அங்கயும் செட்டில்மென்ட் பேப்பர் தான் வில்லன். ஈஈஓ உரிமையை விட்டுக்குடுக்கிறேன்னு அதுல எழுதி கையெழுத்து போட்டிருந்தா முடிஞ்சுது. எழுதலைன்னா கூட, லெட்டரை எடுத்தாச்சு, பாக்கி சம்பளம் குடுத்தாச்சு, இனி புகாருக்கே வேலை இல்லன்னு வாதம் பண்ணுவாங்க. அங்க தான் மன உளைச்சலுக்கான நஷ்டஈட்டை ஆரம்பத்துலயே கேட்டிருக்கணும், ஏன்னா கிரீவன்ஸ் செட்டில்மென்ட் பெரும்பாலும் அதைத் தொடறதே இல்ல, அந்தக் கணக்கு பாக்கி இருக்குற வரைக்கும் விஷயம் முடிஞ்சுதுன்னு சொல்ல முடியாது. 1991 சட்டத்துல வந்த உரிமை அது, மத்திய அரசு ஊழியருக்கு உச்சவரம்பு 3,00,000 டாலர், அரசுத் துறைகளை அந்தப் பணத்தைக் குடுக்கச் சொல்ல ஈஈஓசிக்கே அதிகாரம் உண்டுன்னு 1999ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு. கிரீவன்ஸ் செட்டில்மென்ட் சரியில்ல, ஏமாத்திட்டாங்கன்னு ஈஈஓல போய் அழுதா மட்டும் எடுபடாது, அதை அந்த வழியிலயே தான் தீர்த்துக்கணும்.

அதுவும் எங்களுக்கு நடந்துச்சு. டீம் மாத்துறேன்னு எழுத்துல குடுத்தவங்க மூணு மாசம் மாத்தல. ஈஈஓல செட்டில் பண்ண விஷயமா இருந்தா, வாக்கு மீறினது தெரிஞ்ச 30 நாளைக்குள்ள ஈஈஓ டைரக்டருக்கு எழுதினா அவங்க பதில் சொல்லியாகணும், அப்புறம் ஈஈஓசிக்கு அப்பீல் போகலாம். எங்களது கிரீவன்ஸ் செட்டில்மென்ட், அந்த வழி கிடையாது, திரும்ப இன்னொரு கிரீவன்ஸ் எழுத வேண்டியதாப் போச்சு. நான் தான் எழுதினேன், வேற யாரு.

செட்டில்மென்டே கூடாதுன்னு சொல்ல வரல. ஈஈஓ விசாரணைக்கே 180 நாள் டைம், அப்புறம் ஹியரிங், வருஷக்கணக்கா இழுக்கும், அதுவரைக்கும் அதே சூப்பர்வைசர் மூஞ்சியில தான் முழிக்கணும். பல பேருக்கு சீக்கிரமா லெட்டர் ஃபைலை விட்டுப் போனா அதுவே பெரிய நிம்மதி, நானும் அப்படி நிறைய முடிச்சுக் குடுத்திருக்கேன், யாரும் திட்டல. 40 வயசு ஆனவங்களுக்கும் தாண்டினவங்களுக்கும் ஒரு கூடுதல் பாதுகாப்பும் இருக்கு, வயசு பாரபட்ச உரிமையை விட்டுக்குடுக்கணும்னா 1990 சட்டப்படி பேப்பர்ல அது வெளிப்படையா இருக்கணும், வக்கீலைக் கேட்டுக்கோன்னு எழுத்துல சொல்லியிருக்கணும், யோசிக்க நேரமும் குடுக்கணும். அந்தப் பொண்ணுக்கு 36 தான், வெள்ளிக்கிழமை நாலு மணி பேப்பர் செல்லுபடி ஆயிடுச்சு.

2025 மார்ச்ல பல துறைகள்ல யூனியன் உரிமையை விலக்கி ட்ரம்ப் போட்ட உத்தரவுக்கு அப்புறம் அங்க யூனியன் ஒப்பந்தமே ஆட்டம் கண்டுச்சு, கோர்ட்ல கேஸும் போட்டாங்க. அங்க இருக்கறவங்க கிரீவன்ஸ் வழி இன்னும் இருக்கான்னு முதல்ல கேட்டுக்கணும், ஈஈஓ வழிக்கு ஒண்ணும் ஆகல. கட்டுரையாளர் இதையெல்லாம் எழுதலைன்னு கோபம் இல்ல, அந்த ‘போதும்’க்குப் பக்கத்துல 45 நாள்ங்கிறதையும், முதல்ல கவுன்சலர்ங்கிறதையும் அடுத்த இதழ்ல ஒரு கட்டம் கட்டிப் போட்டீங்கன்னா புண்ணியமாப் போகும்.

அந்தப் பொண்ணு கதை அதோட முடியல. கையெழுத்து போட்டது பழசுக்கு மட்டும் தானே, அதுக்கு அப்புறம் நடக்கறது புதுசு, அதுக்கு புதுசா 45 நாள். அடுத்த வருஷம் ஒரு ட்ரெய்னிங்குக்கு பேரை வெட்டினாங்க, முன்னாடி ஈஈஓ போனதுக்குப் பழிவாங்குறாங்கன்னு நேரா கவுன்சலர்கிட்ட போயிடுச்சு, என்கிட்ட வரவே இல்ல. டிஸ்மிஸ் ஆன அந்தப் பழைய புகார் தான் இதுக்கு ஆதாரமா நின்னுச்சு. மீடியேஷன்ல முடிஞ்சுது. இந்தத் தடவை பேப்பரை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் நாலு நாள் வச்சிருந்து, வக்கீல்கிட்ட காட்டிட்டு தான் கையெழுத்து போட்டுச்சாம். என்ன கிடைச்சுதுன்னு கேட்டேன், சிரிச்சுது. வெளிய சொல்லக்கூடாதுன்னு அதுலயும் ஒரு வரி இருக்காம்.

இப்படிக்கு,
ஒரு பழைய ஸ்டூவர்ட்,
மேரிலாண்ட்