சைகை மொழி பேசும் கதாபாத்திரம் தமிழிலும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளுக்கான தமிழ்த் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவரும் வாசகர் கடிதங்களில் மொழிக் கலப்பும் விளம்பரத் தொல்லையும் பேசப்படும் அளவுக்கு, அவற்றில் யார் நடிக்கிறார்கள் என்பது பேசப்படுவதில்லை. அதுபற்றி எழுத எனக்கு நினைவுக்கு வருபவர் அமெரிக்க நடிகை லிண்டா போவ்.

1945இல் நியூ ஜெர்சி மாநிலத்தில், காது கேளாத பெற்றோருக்குக் காது கேளாத மகளாகப் பிறந்த அவர், காது கேளாதோர் படிக்கும் காலடெட் கல்லூரியில் நூலகவியல் படித்துவிட்டு, காது கேளாதோருக்கான தேசிய நாடகக் குழுவில் சேர்ந்தார். 1971இல் ‘செசமி ஸ்ட்ரீட்’ என்ற குழந்தைகள் நிகழ்ச்சிக்கு வந்து, லிண்டா என்ற தம் சொந்தப் பெயரிலேயே நூலகர் வேடமேற்று 2002 வரை நடித்தார். அந்தப் பாத்திரம் இரக்கத்துக்காகப் படைக்கப்பட்டதன்று என்பதே நாம் கவனிக்க வேண்டியது. லிண்டாவிடம் பார்க்லி என்ற பெரிய சடைநாய் இருந்தது. தொடரில் பாட்டுப் பாடும் பாப் என்பவர் லிண்டாவைக் காதலித்தார், அவருக்காகச் சைகையிலும் பேசினார். பேச்சு கேட்கும் பிள்ளைகள் சைகை மொழியைப் பாடமாக அல்லாமல் தெருவில் புழங்கும் மொழியாகவே கண்டு வளர்ந்தார்கள்.

நம் நெடுந்தொடர்களில் வாய்பேச இயலாத பெண் வந்தால் பெரும்பாலும் அழுவதற்கென்றே வருகிறாள். அவளாக நடிப்பவரும் காது நன்றாகக் கேட்பவரே. செய்தித் திரையின் மூலையில் ஒரு சிறு கட்டத்துக்குள் நின்று சைகை செய்பவரின் பணி மிகவும் தேவையானது, மறுக்கவில்லை. ஆனால் எந்தக் குழந்தை செய்தி பார்க்கிறது?

காரைக்குடிக்கு அருகே முன்னோருக்குப் படையலிடும் ஒரு படைப்பு வீட்டில், பட்டாசாலை என்னும் கூடத்தில் பிள்ளைகள் கூடிக் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுள் காது கேளாத சிறுமி ஒருத்தி திரையை விட மற்றப் பிள்ளைகளின் முகங்களையே அதிகம் பார்த்தாள். அவர்கள் சிரித்து ஓய்கிற நேரத்தில் இவள் சிரித்தாள். “எல்லாத்தையும் பார்க்குதே, அப்புறம் என்ன குறை?” என்றார் அவளுடைய ஆயா (பாட்டி). அன்புள்ளவர்தான். ஆனாலும், அந்தத் திரையில் அவளுக்கென்று எதுவும் இல்லை என்பது அவருக்குக்கூடத் தோன்றவில்லை.

2019 முதல் கல்வித் தொலைக்காட்சியை நடத்திவரும் தமிழக அரசு இதைத் தொடங்கிவைக்கலாம். எங்கள் ஊருக்கு அருகே காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது. பேராசிரியர்களின் ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. வேண்டியதெல்லாம், காது கேளாத நடிகர் ஒருவருக்குக் குழந்தைகள் தொடரில் தபால்காரராகவோ தையல்காரராகவோ நிலையான வேடம். டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் நாளன்று மட்டும் அழைத்துப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடாமல், வாரந்தோறும் அவர் வர வேண்டும். கோபப்பட வேண்டும், கேலி செய்ய வேண்டும், சில நாள் தவறும் செய்ய வேண்டும். உடன் நடிப்பவர்கள் இந்தியச் சைகை மொழியை முறையாகக் கற்றுக்கொண்டு அவரிடம் பேச வேண்டும். மனம் போனபடி கையை ஆட்டுவது சைகை மொழி ஆகாது. கதை எழுதும் குழுவிலும் காது கேளாதவர் ஒருவரேனும் இருந்தால்தான் பழைய அழுகைக் கதையே மீண்டும் தலைகாட்டாமல் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
தேவகோட்டை.