பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டேன் ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு மாறுவது பற்றி எழுதியிருந்தீர்கள். ஞாயிறு இணைப்பு எங்கள் கோத்தகிரிக்குத் திங்கட்கிழமைதான் வந்து சேரும் என்பது உங்களுக்குத் தெரிந்த விஷயம், அதைப் பற்றியே மூன்று கடிதம் போட்டிருக்கிறேன். சரி, அது கிடக்கட்டும். கட்டுரையில் ஒரு வரி வந்தது பாருங்கள்: "ஒரே ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், மீதியைக் கணினியே பார்த்துக்கொள்ளும், பழைய கணினி என்றால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதே புத்திசாலித்தனம்." இதை எழுதியவர் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கும், கணினிக்குக் காசு அவர் ஆபீஸ் கொடுத்திருக்கும். பந்தயம் கட்டத் தயார்.

நானும் பொத்தானை அழுத்தினேன். இந்தக் கணினியில் விண்டோஸ் 11 ஓடாது என்று வந்தது, அவ்வளவுதான். மீதியை எதுவும் பார்த்துக்கொள்ளவில்லை.

என் பெட்டி 2014-இல் மகன் கோயம்புத்தூரில் வாங்கிக் கொடுத்தது. நான்காம் தலைமுறை இன்டெல் ஐ3 பிராசஸர், நாலு ஜிபி ராம். தேயிலை ஃபேக்டரியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான். இன்றைக்கும் எங்கள் தெருவில் நாலைந்து பேருடைய பச்சை இலைக் கணக்கை அதில்தான் போட்டுக் கொடுக்கிறேன், பேத்தியோடு வீடியோவில் பேசுவதும் அதில்தான், ஒரு நாளும் மக்கர் பண்ணியதில்லை. பிறகு ஏன் ஓடாது? வேகம் போதவில்லை என்பதா காரணம்? இல்லை. ராம் நாலு ஜிபி போதும் என்று அவர்களே சொல்கிறார்கள், என்னிடம் அது இருக்கிறது. டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு ஏற்பாடு வேண்டுமாம், இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது ஆகவேண்டுமாம். என்னுடையது பட்டியலில் இல்லை. கையும் காலும் நன்றாக இருக்கிற ஆளை ஆதார் இல்லை என்று வரிசையிலிருந்து திருப்பி அனுப்புகிற மாதிரி. ஒன்றரைப் பக்கக் கட்டுரையில் இதற்கு ஒரு வாக்கியம் இல்லை, பொத்தானின் படம் மட்டும் கலரில் இருந்தது.

தூக்கிப் போடு என்கிறீர்களே, எங்கே போட? மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறுகிற வழியில் குஞ்சப்பனை சோதனைச்சாவடியில் ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைக்கூட மேலே விடுவதில்லை, தெரியும்தானே. போன மாதம் என் தங்கை மகன் கையில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டுதான் விட்டார்கள், சரிதான், அது தேவைதான். ஆனால் மலை மேல் பாட்டில் கூடாது, ஈயமும் பிளாஸ்டிக்குமாக ஒரு முழுக் கம்ப்யூட்டரைப் பள்ளத்தில் உருட்டிவிடலாம், அது புத்திசாலித்தனம் என்றால் எனக்கு அந்தப் புத்தி வேண்டாம். உங்களுக்கு நீலகிரி என்றால் மே மாத மலர்க் கண்காட்சி, "ஊட்டியில் இதமான குளிர்" என்று ஒரு படம், இ-பாஸ் பற்றி ஒரு செய்தி. நவம்பர் மழையில் மரம் விழுந்து மூன்று நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தால் எட்டாம் பக்கத்தில் நாலு வரி.

கரண்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. விண்டோஸ் 10-க்குத் தானாக வந்துகொண்டிருந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்ற தேதி 2025 அக்டோபர் 14. எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிற நேரம். யார் பார்த்து வைத்த முகூர்த்தமோ. அதற்கு முந்தின வருஷம் ஒரு பெரிய அப்டேட் 73 சதவீதத்தில் இருக்கும்போது கரண்ட் போய், திரும்ப வந்ததும் செய்த மாற்றங்களை எல்லாம் ரத்து செய்கிறேன் என்று ஒன்றே முக்கால் மணி நேரம் வட்டம் சுற்றியது. நான் அதன் எதிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஐசியு வாசலில் உட்கார்ந்திருக்கிற மாதிரி.

இதைவிடப் பெரிய கதை 2016-இல் நடந்தது. விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் ஜூலை 29-க்குள் 10-க்கு இலவசமாக மாறலாம் என்று அப்போதும் நீங்கள்தான் எழுதினீர்கள், கத்தரித்து வைத்திருக்கிறேன். நம்பி, கீழே ஒரு கடையில் கொடுத்தேன். இரண்டு நாளில் புதுப் பெண் மாதிரி வந்தது. டி டிரைவ் அப்படியே இருந்தது, சி டிரைவைச் சுத்தமாக அழித்துவிட்டுப் போட்டிருக்கிறார்கள். நான் எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பில் வைத்திருந்தவன். டெஸ்க்டாப் இருப்பது சி டிரைவில்தான் என்று அன்றைக்குத்தான் தெரியும். "மழை 2009" என்று ஒரு ஃபோல்டர், அந்த நவம்பர் மண்சரிவில் எங்கள் பக்கத்துச் சாலை பாதி போய்விட்டது, அந்த ஓரத்தில் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு என் மனைவி நிற்கிற படம் அதில் இருந்தது. வேறு பிரதி கிடையாது. கடைக்காரத் தம்பி, "பேக்அப் எடுத்திருப்பீங்கன்னு நெனச்சேன் சார்" என்றான். உங்கள் அன்றைய கட்டுரையில் பேக்அப் என்ற சொல்லே இல்லை, இன்றைய கட்டுரையிலும் இல்லை, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அப்புறம், சொல்லாமல் விட்டது இன்னும் இருக்கிறது. விண்டோஸ் 10-இலேயே இருப்பவர்கள் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறப் பதிவு செய்துகொள்ளலாம், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை அதோடு இணைத்தால் காசும் இல்லை. உங்கள் நிபுணருக்கு இது தெரியாமலா இருக்கும்? ஒரு வேளை அந்தப் பக்கத்திலேயே கீழே இருந்த லேப்டாப் விளம்பரத்துக்கு மனம் நோகக்கூடாது என்று இருந்திருப்பார்.

நான் என்ன செய்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். குன்னூரில் ஒரு பையன் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி என்கிற வேகமான டிஸ்க்கைப் போட்டு, இன்னொரு நாலு ஜிபி ராம் செருகிக் கொடுத்தான். புதுக் கணினி விலையில் பத்தில் ஒரு பங்கு ஆகியிருக்கும். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் மின்ட் என்கிற இலவச இயங்குதளத்தை பென் டிரைவில் ஏற்றி, கணினியில் எதையும் அழிக்காமல் அதிலிருந்தே ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தேன், வைஃபை வந்தது, சத்தம் வந்தது, பிறகுதான் உள்ளே நிறுவினேன். மின்ட் 22-க்கு 2029 வரை திருத்தங்கள் உண்டு, எனக்கே அவ்வளவு உத்தரவாதம் இல்லை. எல்லாம் சுகம் என்று பொய் சொல்ல மாட்டேன். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு முந்தின எழுத்துருவில் அடித்த என் பழைய கடிதங்கள் எல்லாம் இங்கிலீஷ் எழுத்துக் குப்பையாகத் தெரிந்தன, அந்த எழுத்துருவைத் தேடிப் பிடித்துப் போட்ட பிறகுதான் தமிழாயின. ஸ்கேனர் இரண்டு சாயங்காலத்தைத் தின்றது. ஆனால் இந்தக் கடிதத்தை அந்தத் தூக்கிப் போடவேண்டிய பெட்டியில்தான் அடிக்கிறேன், தமிழ்99 விசைப்பலகையில்.

என் கோரிக்கை சின்னது. அடுத்த வாரம் அந்தப் பகுதியின் ஓரத்தில், "எதையும் அழுத்துவதற்கு முன் வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள், டெஸ்க்டாப்பில் இருப்பதையும் சேர்த்து" என்று ஒரு வரி போடுங்கள். இடமில்லை என்றால் அந்த வார ராசிபலனில் மிதுனத்தை எடுத்துவிடலாம். நான் மிதுனம்தான், எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
முப்பது வருஷ வாசகன்,
கோத்தகிரி