சிலந்தி உறுமாது: ராட்சதப் பூச்சிப் படம் எடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ராட்சதப் பூச்சிப் படங்களை எழுதி இயக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்களில் ஒருவர் எடுத்த சிலந்திப் படத்தைப் போன வாரம் பார்த்தேன். இந்த வகையில் எது வந்தாலும் முதல் ஆளாகப் போய் உட்காருகிறவன் நான். சின்ன வயதிலிருந்தே எனக்குச் சிலந்தி என்றால் பயம். அந்தப் பயம் எனக்குப் பிடிக்கும். அதனால்தான் வருத்தமும் அதிகம். படம் தொடங்கிப் பத்தே நிமிடத்தில், பட்டப்பகல் வெளிச்சத்தில், சிலந்தியை முழுசாகக் காட்டிவிட்டார்கள். அது வாயைப் பிளந்து உறுமியது. என் பயம் அங்கேயே போய்விட்டது. அப்புறம் கடைசிவரை துரத்தல்தான்.

இவ்வளவு பெரிய சிலந்தி இருக்க முடியுமா என்று சண்டைக்கு வரவில்லை. உடல் எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும், காலின் உறுதி நான்கு மடங்குதான் ஏறும், அவ்வளவு பெரிய சிலந்தியால் நிற்கக்கூட முடியாது. தெரிந்துதான் டிக்கெட் எடுக்கிறோம். அந்த ஒரு பொய்யை மனசார ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் அளவைத் தவிர மற்றதெல்லாம் சிலந்தியாக இருக்க வேண்டாமா? நான் பார்த்தது எட்டுக் கால் வைத்த சிங்கம்.

சிலந்திக்குக் குரல் கிடையாது. சில பெரிய வகைகள் மட்டும் கால் மயிர்களை ஒன்றோடொன்று உரசிச் சீறுவது போல ஒரு சத்தம் எழுப்பும். இருட்டில் அந்த உரசல் மட்டும் கேட்டிருந்தால் நான் நாற்காலியை இறுகப் பிடித்திருப்பேன்.

அப்புறம் அந்தக் கண்கள். எட்டுக் கண் வழியாக உலகம் தெரிவதாக ஒரு காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் உங்கள் சிலந்தி வலை பின்னுகிற சிலந்தி. அந்த வகைக்குப் பெரும்பாலும் பார்வை மங்கல். அது உலகத்தை அறிவது கால்களால். நூலில் வருகிற அதிர்வால், மயிரில் படுகிற காற்றசைவால். அப்படியென்றால் அதன் முன்னால் ஓடுகிறவன்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கிறான். அசையாமல் நின்றால் பிழைக்கலாம், ஆனால் எவ்வளவு நேரம் நிற்பது? ஒரு முழுப் படத்துக்கான பயம் இதில் இருக்கிறது. நீங்களோ எல்லோரையும் ஓடவிட்டீர்கள்.

என் அறையின் மேல்மூலையில் நீளக்கால் சிலந்தி ஒன்று இருக்கிறது. ஒட்டடை அடிக்கும்போது அந்த மூலையை விட்டுவிடுவேன். ஒருநாள் ஈ ஒன்று அதன் வலையில் மாட்டியது. சிலந்தி பாயவில்லை. ஒரு காலால் நூலைத் தொட்டுப் பார்த்தது. நின்றது. மெல்ல நெருங்கி, முதுகைத் திருப்பிக்கொண்டு, பின்னங்கால்களால் நூலை இழுத்து இழுத்து ஈயின் மேல் வீசியது. கடிக்கக்கூட அவசரப்படவில்லை. ஈயின் ரீங்காரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து நின்றது. விரல்கடை உயரப் பூச்சி அது, எனக்கு முதுகு சில்லிட்டது. உங்கள் சிலந்தியோ ஆட்களைக் கடித்து மென்று விழுங்குகிறது. சிலந்தியால் மென்று விழுங்க முடியாது. செரிக்கும் நீரை இரையின் மேல் கக்கி, கரைத்து, உறிஞ்சும். இதைவிடக் கொடூரமாக ஒரு எழுத்தாளரால் யோசிக்க முடியுமா?

கிளைமாக்ஸில் சுட்டு வீழ்த்தியதும் அது கால்களைப் பரப்பிக்கொண்டு கிடந்தது. அதுவும் தப்பு. சிலந்தியின் முக்கியமான மூட்டுகளில் காலை மடக்கத்தான் தசை உண்டு, நீட்டுவது உள்ளே இருக்கும் திரவத்தின் அழுத்தம். உயிர் போனதும் அழுத்தம் போய்விடும், எட்டுக் காலும் உள்ளே சுருண்டுகொள்ளும். அவ்வளவு பெரிய உருவம் ஒரு கைமுஷ்டி மாதிரி மெல்ல மூடிக்கொள்வதைத் திரையில் காட்டியிருந்தால் கொன்றவனுக்கே ஒரு கணம் பாவமாக இருந்திருக்கும்.

பணம் போதவில்லை என்று சொல்லாதீர்கள். 1957-ல் வந்த 'தி இன்கிரெடிபிள் ஷ்ரிங்கிங் மேன்' படத்தை எடுத்தவர் ஜாக் ஆர்னல்ட். இரண்டு வருடம் முன்னால் 'டாரண்டுலா'வில் சிலந்தியை மலையளவு பெரிதாக்கியவர், இந்த முறை மனிதனைக் குண்டூசி அளவுக்குச் சிறிதாக்கிவிட்டார். சிலந்தி சிலந்தியாகவே இருந்தது. பாதாள அறையில் கையில் ஒரு குண்டூசியோடு அவன் அதன் எதிரில் நிற்கிற இடம் இன்றைக்கும் எனக்கு வியர்க்கும். 1975-ல் வந்த 'ஜாஸ்' படத்தை எடுத்தபோது இயந்திரச் சுறா கடல் தண்ணீரில் பழுதாகிக்கொண்டே இருந்ததால், ஸ்பீல்பெர்க் அதை மறைத்து வைத்தே பயமுறுத்தினார்.

சரி, கேட்பது இதுதான். அடுத்த படம் எழுதும் முன் ஒரு வாரம் ஏதாவது ஒரு சிலந்தியின் பக்கத்தில் உட்காருங்கள். அது மணிக்கணக்காகச் சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருப்பதைப் படத்துக்குள் கொண்டுவாருங்கள். பின்னணி இசை வேண்டாம். இருட்டறையில் ஒருத்தி நடக்கிறாள், செருப்பில் ஏதோ ஒட்டுகிறது, காலை எடுக்கும்போது ஒரு நூல் இழுபடுகிறது. மேலே எங்கோ, அதன் மறுமுனையில் ஒரு கால் வைக்கப்பட்டிருக்கிறது.

அன்புடன்,
உங்கள் ரசிகன்