பாசி இருந்தால் ஏரி அசுத்தமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை இதழில் ஊசுட்டேரி பற்றிய செய்தியில், 'பாசியும் கோரையும் மண்டி அசுத்தமாகக் காட்சியளிக்கிறது' என்று ஒரு வரி வந்திருந்தது. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 2008-இல் புதுச்சேரி அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்த ஏரி அது. பறவைகள் அங்கே வருவதே அந்தப் பாசியையும் கோரையையும் நம்பித்தான் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

நான் பாகூர்ப் பக்கத்துக்காரன். சின்ன வயதில் அப்பாவோடு தூண்டில் போட்ட குளத்தில் இறங்கினால் வேலம்பாசி காலைச் சுற்றும். அதைத் தின்ன நாமக்கோழி வரும். பாசிக்குள் நத்தை, நத்தையைத் தேடி நத்தைகொத்தி நாரை. அல்லி இலை மேலேயே நீளவால் இலைக்கோழி முட்டையிடும், அடைகாப்பது ஆண். மழைத்தண்ணீர் அடித்துவரும் வண்டல்தான் அந்தக் குளத்துக்குச் சத்து. அடி தெரிகிற தெளிந்த தண்ணீரில் இத்தனை வயிறு நிறையாது.

ஏழெட்டு வருஷத்துக்கு முன் எங்கள் குளத்தை அழகுபடுத்துகிறோம் என்று பொக்லைனைக் கொண்டுவந்து கோரையை வேரோடு வழித்தார்கள். நாலு பக்கமும் கல் பதித்து, நடைபாதை போட்டு, விளக்கு வைத்தார்கள். திறப்பு விழாப் படம் உங்கள் பத்திரிகையிலும் வந்தது. அந்த வருஷம் முக்குளிப்பான் கூடு ஒன்றுகூட இல்லை என்று நான் எழுதிய கடிதம் மட்டும் வரவில்லை.

சத்து மிஞ்சினால் கெடுதல்தான், மறுக்கவில்லை. சாக்கடையும் உரத்தண்ணீரும் விழுந்தால் ஆகாயத்தாமரை மூடிவிடும், தண்ணீர் பச்சைக் குழம்பாகும். ராத்திரியில் ஆக்சிஜன் தீர்ந்து, விடியும்போது மீன் செத்து மிதக்கும். எங்கள் குளத்தில் கல் பதித்தவர்கள் சாக்கடைக் குழாயைத் தொடவே இல்லை. அப்புறம் ரெண்டே வருஷத்தில் கெண்டை மீன்கள் கரையெல்லாம் ஒதுங்கிக் கிடந்ததைப் பார்த்தேன், அந்த நாற்றம் இன்னும் மறக்கவில்லை. அடைக்க வேண்டிய குழாயைப் பற்றியும், எடுக்க வேண்டிய ஆகாயத்தாமரையைப் பற்றியும் ஒரு சொல் எழுதாமல் கோரையை அசுத்தம் என்று எழுதினால், நாளைக்கு அந்தச் செய்தியைக் காட்டியே ஊசுட்டேரியிலும் பொக்லைன் இறங்கும். அந்தப் பயத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஊசுட்டேரிச் செய்தியோடு வந்த படத்துக்குக் கீழே 'காட்டு வாத்துகள்' என்று போட்டிருந்தீர்கள். நெற்றியில் வெள்ளை நாமம் தெளிவாகத் தெரிகிறது, ஐயா. அவை நாமக்கோழிகள். அந்தத் திருத்தத்தையாவது ஒரு மூலையில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
முப்பது வருஷ வாசகர்,
பாகூர்.